ஈரத் துணியின் நூற்றாண்டு

நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த எல். எம்மெட் ஹோல்ட், தாய்மார்களுக்காகவும் குழந்தை பார்க்கும் ஆயாக்களுக்காகவும் கேள்வி பதில் வடிவில் ஒரு சிறு நூலை 1894இல் வெளியிட்டார். பல பதிப்புகள் கண்டு, அமெரிக்க நடுத்தர வீடுகளுக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்த நூல் அது. குறித்த நேரத்தில் மலம் கழிக்கக் குழந்தையை எந்த வயதில் பழக்கலாம் என்ற கேள்விக்கு, சீக்கிரமே தொடங்கினால் இரண்டாம் மாதத்திலேயே முடியும் என்று அது பதில் சொல்கிறது. 1962இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், டி. பெரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர், தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் குழந்தைகள் பகலில் துணியை நனைக்காமல் இருக்கக் கற்ற சராசரி வயது 28.5 மாதம். 2002இல் வெளியான மில்வாக்கி ஆய்வில் பகல் முழுவதும் நனைக்காமல் இருக்கும் நடு வயது பெண் குழந்தைகளுக்கு 32.5 மாதம், ஆண் குழந்தைகளுக்கு 35 மாதம் என்று வந்தது. ஹோல்ட் பேசியது மலத்தைப் பற்றி, மற்றவர்கள் பேசியது சிறுநீரைப் பற்றி. அவர் சொன்னது பழக்கம் படியத் தொடங்கும் வயது, இவர்கள் சொன்னது பழகி முடியும் வயது. ஆகவே இந்த எண்களை நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனால் முடியும் வயதை முடியும் வயதோடு ஒப்பிட்டாலும் மாற்றம் பெரிதாகவே இருக்கிறது. 1951-52இல் பாஸ்டன் வட்டாரத்துத் தாய்மார்கள் 379 பேரைப் பேட்டி கண்ட சியர்ஸ், மக்கோபி, லெவின் மூவரும், மலம் கழிக்கப் பழக்குவது சராசரியாகப் பதினோரு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயதில் முடிந்துவிடுவதாகக் கண்டார்கள். அதன்பின் ஐம்பதே ஆண்டுகளில் குழந்தைகளின் சிறுநீர்ப்பையும் நரம்பும் மாறிவிடவில்லை. எனவே, மாறியது எது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மாறியது வீடு என்பதே என் வாதம். குழந்தை எந்த வயதில் ‘தயாராகிறது’ என்று ஒவ்வொரு தலைமுறை மருத்துவமும் சொன்ன விடையில், அந்தத் தலைமுறையின் குழந்தை யார் கையில் இருந்தது, அதன் அழுக்குத் துணியை யார் துவைத்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அத்துடன், ஒன்றுக்கொன்று எதிரியாக நின்ற இரண்டு மருத்துவக் கொள்கைகளும், சீக்கிரம் பழக்கு என்றதும் பொறுத்திரு என்றதும், ஒரே பொருளைக் கைவிட்டன: குழந்தை தானே தரும் குறிப்பை. முதல் கொள்கை அதன் இடத்தில் கடிகாரத்தை வைத்தது. அடுத்தது மாதக் கணக்கை வைத்தது.

ஹோல்ட் காலத்து வீட்டை நினைத்துப் பார்க்கலாம். தண்ணீர் சுமந்து, அடுப்பில் காய்ச்சி, துணியைக் கொதிக்கவைத்து, கையால் கசக்கிப் பிழிந்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே காயப்போட வேண்டும். அந்த நிலையில் ஒரு வேளை மலம் சட்டியில் விழுந்தால் ஒரு துணி மிச்சம். ஹோல்ட் இதை மறைக்கவில்லை. இந்தப் பழக்கத்தால் ஆயாவுக்குத் தொல்லை பெருமளவு குறையும் என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் சொன்ன முறையும் கவனிக்கத் தக்கது. ஆயா தன் முழங்கால்களுக்கிடையே ஒரு சின்னச் சட்டியை வைத்துக்கொண்டு, குழந்தையின் முதுகு தன் மார்பில் சாய்ந்திருக்குமாறு அதைச் சட்டியின்மேல் ஏந்தி உட்காரவைக்க வேண்டும். காலை உணவுக்குப் பிறகு ஒரு முறை, பிற்பகல் உணவுக்குப் பிறகு ஒரு முறை. இதுவரை உலகத்துப் பாட்டிமார் எவரும் ஒப்புக்கொள்ளும் செயல்தான். வயிற்றில் பால் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு, கைக்குழந்தையிடம் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆனால் ஹோல்ட் இதோடு நிற்கவில்லை. நாள் தவறாமல் அதே மணிக்கு நடக்க வேண்டும் என்றார். குழந்தைக்கு நோக்கம் புரிவதற்காக முதலில் எண்ணெய் தடவிய காகிதக் கூம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாய்க்குள் சற்றே செருகலாம் என்றார். குழந்தைக்கு எப்போது வருகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எப்போது வரவேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானிக்கும் திருப்பம் இங்கேதான் நேர்கிறது.

1912இல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலத் துறை ஒன்றை அமைத்தது. அத்துறை 1914இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கையேட்டை எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட். மூன்றாம் மாதத்திலோ அதற்கு முன்போ பழக்கத் தொடங்கலாம் என்று அதுவும் சொன்னது. ஆனால் மிகுந்த மென்மையோடு செய்ய வேண்டும், அதட்டலும் தண்டனையும் குழந்தையை மிரட்டி இயற்கை உந்துதலையே கெடுத்துவிடும், சிரிப்பு தசைகளைத் தளர்த்தும் என்று அந்தப் பெண் எழுதியது, இந்த வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் ஓர் இடம். சீக்கிரம் தொடங்குவதும் கடுமையாக நடத்துவதும் ஒன்றல்ல என்பதை அந்த முதல் பதிப்பு அறிந்திருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த அறிவு தேய்ந்தது. 1920களிலும் 30களிலும் அதே கையேட்டின் பதிப்புகள் நேரம் தவறாமையை வேதமாக்கின. நடத்தைவாத உளவியலின் முன்னோடி ஜான் பி. வாட்சன் 1928இல் எழுதிய நூலில், எட்டு மாதம் முதல் குழந்தையைத் தனி இருக்கையில் பட்டை போட்டு உட்காரவைத்து, விளையாட்டுப் பொருள் எதுவும் தராமல், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். ஆயாவின் மார்பில் சாய்ந்திருந்த குழந்தை, முப்பத்து நான்கு ஆண்டுகளில் கதவுக்குப் பின்னால் தனியே உட்காரவைக்கப்பட்டது. மனிதக் கை விலகியது அங்கே. காகித டயப்பர் பிறப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே.

இந்தக் கடுமைக்கு எதிர்வினை வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. அது மூன்று திசைகளிலிருந்து வந்தது. சிக்கனம், பிடிவாதம், அளவுக்கு மீறிய ஒழுங்கு ஆகியவற்றைக் குழந்தைப் பருவத்து மலம் கழிப்போடு இணைத்து 1908இலேயே ஃப்ராய்ட் எழுதியிருந்தார். அந்தக் கருத்து அமெரிக்காவில் வேர்விட்டபோது எல்லை தாண்டியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெஃப்ரி கோரர் என்ற மானிடவியலாளர், ஜப்பானியர்களின் போர்க் குணத்துக்கே அவர்களது கடுமையான மலப் பழக்கம்தான் காரணம் என்று, ஜப்பானுக்குப் போகாமலே எழுதும் அளவுக்குப் போனது. இரண்டாவது, உடல் முதிர்ச்சிக் கொள்கை. மர்ட்டில் மக்ரா என்ற பெண் ஆய்வாளர் 1940இல் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். இருவரில் ஒருவரைப் பிறந்த சில வாரங்களிலிருந்தே மணிக்கொரு முறை சட்டியில் உட்காரவைத்தார்கள். மற்றவருக்கு ஒரு வயது கடந்த பிறகே தொடங்கினார்கள். தாமதமாகத் தொடங்கியவர் விரைவிலேயே முன்னதாகத் தொடங்கியவரை எட்டிப் பிடித்துவிட்டார். மூன்றாவது, பெஞ்சமின் ஸ்பாக். 1946இல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்ற அவரது நூல், உங்களை நீங்களே நம்புங்கள், அவசரப்பட வேண்டாம் என்று மிரண்டுபோயிருந்த தாய்மார்களை ஆற்றுப்படுத்தியது. 

பிரேசல்டனின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த மூன்று ஓடைகளும் கலந்த இடம். பதினெட்டு மாதம் வரை எதுவும் தொடங்க வேண்டாம், குழந்தை உடலாலும் மனத்தாலும் ஆயத்தமாகும்வரை பொறுக்க வேண்டும், அதன் பிறகும் வற்புறுத்தக் கூடாது என்பது அவர் முறை. மலச்சிக்கலும் படுக்கையை நனைப்பதும் வற்புறுத்தலின் விளைவுகள் என்று அவர் கருதினார். கதவடைத்த குளியலறையிலிருந்து குழந்தைகளை மீட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பார்த்த குழந்தைகள் யார் என்பதையும் கேட்க வேண்டும். அவர்கள் 1950களின் அமெரிக்க நடுத்தர வீட்டுக் குழந்தைகள். அந்த வீடுகளில் மின்சாரத் துவைப்பு இயந்திரம் வந்துவிட்டது. அழுக்குத் துணியை வாசலில் வாங்கிப்போய் வெளுத்துக் கொண்டுவந்து தரும் நிறுவனங்கள் நகரங்களில் 1930களிலிருந்தே இருந்தன. திரைச்சீலை பிளாஸ்டிக்கை வெட்டி மாரியன் டோனோவன் உருவாக்கிய நீர் புகாத மேலுறை, 1949இல் நியூயார்க்கின் ஆடம்பரக் கடையில் விற்பனைக்கு வந்து, துணி நனைந்தாலும் மெத்தை நனையாது என்ற நிம்மதியைத் தந்தது. தாயும் தகப்பனும் இரண்டு மூன்று பிள்ளைகளுமாகப் புறநகர்த் தனி வீடுகளில் குடியேறியிருந்தார்கள்; பாட்டி வேறு ஊரில் இருந்தார். குழந்தையைப் பகல் முழுவதும் மடியிலோ இடுப்பிலோ வைத்திருக்க ஆள் இல்லை. ஆனால் நனைந்ததைத் துவைக்க இயந்திரம் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பொறுத்திருங்கள் என்ற மருத்துவ அறிவுரை எந்தச் செலவும் இல்லாமல் பின்பற்றக் கூடியது. 1894இன் வீட்டில் அதே அறிவுரையைச் சொல்லியிருந்தால் ஆயாக்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

டயப்பர் நிறுவனங்களே இந்தத் தாமதத்தை உருவாக்கின என்று இன்று பலர் சொல்கிறார்கள். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பாம்பர்ஸ் என்ற காகித டயப்பரை இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் சோதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1961இல். ஒன்றின் விலை பத்து சென்ட்; விலை அதிகம் என்று மக்கள் ஒதுக்கிவிட, நிறுவனம் உற்பத்தி முறையை மாற்றி விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. பிரேசல்டனின் 1,170 குழந்தைகளும் துணியில் வளர்ந்தவர்கள். தாமதம் முதலில் வந்தது, காகித டயப்பர் அதை நிலைபெறச் செய்தது. நிலைபெறச் செய்த விதம்தான் கூர்ந்து பார்க்க வேண்டியது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிப் பசையாக்கும் பாலிமர் தூள் 1980களில் டயப்பருக்குள் வந்தது. அதுவரை நனைந்த துணி குழந்தைக்கும் குளிர்ந்தது, தாய்க்கும் தெரிந்தது. அதன் பிறகு இருவருக்குமே தெரியாமல் போயிற்று. ‘கழிந்துவிட்டது’ என்ற செய்தி குழந்தையின் தோலிலிருந்து அதன் மூளைக்குப் போகவில்லை, தாயின் கைக்கும் வரவில்லை. 1989இல் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம், நடக்கிற குழந்தை தானே மேலே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் பாம்பர்ஸ் இன்னும் பெரிய குழந்தைகளுக்கான ஆறாம் எண் அளவை வெளியிட்டபோது அதன் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றியவர் பிரேசல்டன். அவரது கொள்கை விளம்பரப் பணத்துக்கு முப்பத்தாறு ஆண்டுகள் மூத்தது. எனவே அவர் விலைபோய்விட்டார் என்பது நியாயமான பேச்சல்ல. ஆனால் ஒரு கொள்கையும் ஒரு சரக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டால், அந்தக் கொள்கையை யாரும் மறுபரிசீலனை செய்யத் தேவை எழுவதில்லை. அதில்தான் எனக்குக் கவலை.

அந்த மறுபரிசீலனை வெளியிலிருந்து வந்தது. 1977இல் மார்ட்டன் டிவ்ரீஸ், ரேச்சல் டிவ்ரீஸ் இருவரும் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் வாழும் டிகோ மக்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். டிகோ தாய் குழந்தை பிறந்த இரண்டு மூன்று வாரங்களிலேயே தொடங்குகிறாள். சிறுநீருக்கு என்றால் வீட்டுக்கு வெளியே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே தனக்கு முதுகுகாட்டி வைத்துக்கொண்டு ‘ஷூ’ என்று ஒலி எழுப்புகிறாள். பகலிலும் இரவிலும் பலமுறை இது நடக்கிறது. நாளடைவில் அந்த ஒலிக்கும் அந்த இருப்புக்கும் குழந்தை இசைகிறது. குழந்தையின் நெளிவுக்கும் முனகலுக்கும் தாய் இசைகிறாள். ஐந்தாறு மாதத்தில் குழந்தை தன் குறிப்பைத் தானே தெரிவித்து, பெரும்பாலும் நனையாமல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவம் பதினெட்டு மாதத்துக்கு முன் உடற்கூறு அனுமதிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்த மக்கள் மடியில் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஆய்வாளர்களின் முடிவு அடக்கமானது: ஆயத்த வயது என்பது பண்பாட்டைச் சார்ந்தது.

இந்த அறிவு அமெரிக்க வீடுகளுக்குத் திரும்பிய வழியில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. லாரி பௌக்கி என்ற அமெரிக்கத் தாய், தம் மூன்றாவது மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, விருந்தினராக வந்த ஓர் இந்தியப் பெண்ணிடம் இதைக் கற்றுக்கொண்டார். 1991இலும் 2000இலும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. 2001இல் இன்கிரிட் பவர் எழுதிய நூலோடு ‘எலிமினேஷன் கம்யூனிகேஷன்’ என்ற பெயர் பரவியது. இன்று அந்தப் பெயரில் வகுப்புகளும் கையேடுகளும் விற்பனையாகின்றன. கண்டுபிடிப்பு என்று சொல்லப்படும் அது, ஹோல்ட் ஆயாவின் முழங்கால்களுக்கிடையே பாதி இருந்ததுதான். கடிகாரத்தைக் கழித்து, குழந்தையின் குறிப்பைச் சேர்த்தால் மீதி வந்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மிக வலுவானது ஜூரிக் நகர ஆய்வு. ரெமோ லார்கோவும் அவர் குழுவினரும் 1950களில் பிறந்த குழந்தைகளையும் அடுத்த தலைமுறைக் குழந்தைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1996இல் முடிவுகளைத் தொகுத்தார்கள். முதல் தலைமுறையில் ஏறத்தாழ எல்லாப் பெற்றோரும் முதல் ஆண்டுக்குள்ளேயே பழக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் தலைமுறையில் அது வெகுவாகப் பின்னுக்குப் போயிருந்தது. ஆனால் குழந்தைகள் முழுக் கட்டுப்பாடு பெற்ற வயதில் பெரிய வேறுபாடு இல்லை. மக்ராவின் இரட்டையர் சொன்னதையே ஒரு நகரம் முழுவதும் சொன்னது. இதை ஒதுக்கித் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. யாருடைய உதவியும் இல்லாமல் அடக்கவும், நடந்துபோகவும், உடையை அவிழ்க்கவும், கழிக்கவும் வல்ல தனித்த கட்டுப்பாடு உடல் முதிர்ச்சியின் கையில் இருக்கிறது. அதை முன்கூட்டியே இழுத்துவர முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகள் அளந்தது அந்தக் கடைசிப் புள்ளியை மட்டும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தை தன் அழுக்கிலேயே கிடந்ததா, ஒருவர் கையில் ஏந்தப்பட்டுக் கழித்ததா என்பது அந்த அளவுகோலில் பதிவதில்லை. தனியே நடக்கும் வயதை யாரும் முன்னுக்கு இழுக்க முடியாது என்பதால் அதுவரை குழந்தையைத் தூக்காமல் இருப்பதில்லை. டிகோ தாய் செய்வது பயிற்சி என்பதைவிட இருவர் சேர்ந்து செய்யும் ஒரு வேலை. அதில் தாயின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, குழந்தையின் பங்கு கூடுகிறது.

பச்சிளங் குழந்தை சிறுநீர் கழிப்பது தண்டுவடத்தின் வெறும் அனிச்சைச் செயல், அதில் மூளைக்குப் பங்கில்லை, ஆகவே குறிப்பு என்று ஒன்றே கிடையாது என்றும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் குழந்தைகளின் சிறுநீர்ப்பையை நேரடியாக அளந்து பார்த்த மருத்துவர்கள், தூங்கும் குழந்தை சிறுநீர் கழிக்கும் முன் புரண்டோ, சிணுங்கியோ, கண்விழித்தோ அசைவதைக் கண்டார்கள். தூளி ஆட்டியவர்கள் அறிந்ததுதான். வியட்நாமில் தாய்மார்கள் கைக்குழந்தைப் பருவத்திலேயே விசில் ஒலியோடு சட்டியில் ஏந்துகிறார்கள். அங்குள்ள குழந்தைகளைச் சுவீடன் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. வியட்நாம் குழந்தைகள் ஒன்பது மாதத்திலேயே சிறுநீர்ப்பையை முழுவதுமாகக் காலிசெய்தார்கள். சுவீடன் குழந்தைகள் அந்த நிலையை எட்ட மூன்று வயது ஆயிற்று. மிச்ச சிறுநீர் தேங்குவது தொற்றுக்கு வழிவகுக்கக் கூடியது என்பதால் இது தாயின் வசதியைத் தாண்டிய செய்தி.

சீக்கிரம் தொடங்கினால் மனம் ஊனப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. ஃபிலடெல்ஃபியா பகுதியில் ப்ளம் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், முனைப்பான பயிற்சியை முன்னதாகத் தொடங்கியவர்களுக்கு முடிக்க அதிக காலம் பிடித்தது, ஆனால் மலச்சிக்கலோ மலத்தை அடக்கிவைப்பதோ அதனால் கூடவில்லை. முன்னே சொன்ன பாஸ்டன் பேட்டிகளில் இதைவிட நுட்பமான ஒன்று கிடைத்தது. கடுமையான பயிற்சி, அன்பு குறைந்த தாயிடம் வளர்ந்த குழந்தைகளைத்தான் அலைக்கழித்தது. அன்பான தாயின் குழந்தைகளிடம் அந்த விளைவு தெரியவில்லை. புண்படுத்துவது கடுமையும் தனிமையும்தான், மாதக் கணக்கல்ல என்பதை 1914இல் மேரி மில்ஸ் வெஸ்ட் எழுதியது சரியாகத்தான் இருந்திருக்கிறது. சுத்தம் பற்றிய எதிர்ப்புக்கு மட்டும் நான் முழுமையாகத் தலைவணங்குகிறேன். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் நம் ஊரிலும் சீனத்திலும் உண்டு. அது தவறு, நோய்க்கிருமிகள் பெரியவர்கள் மலத்தில் இருப்பது போலவே அதிலும் இருக்கும். முற்றத்திலும் தெருவோரத்திலும் ஏந்துவதை விட்டு, சட்டியில் ஏந்திக் கழிப்பறையில் கொட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மீதி இருப்பது உழைப்பு பற்றிய எதிர்ப்பு. பகல் முழுவதும் குழந்தையின் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கை யாருடையது? பெண்ணுடையது. டயப்பர் அவளை விடுவித்தது, அதை மீண்டும் அவள் தலையில் கட்டுவதா என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். வீட்டுச் சாதனங்கள் பெருகியும் அமெரிக்கப் பெண்களின் வீட்டு வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் காட்டிய வரலாறு நினைவில் இருந்தாலும், துவைக்கும் தொட்டியருகே நின்றவளுக்கு டயப்பர் தந்த விடுதலையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த எதிர்ப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. குழந்தை எப்போது பழகுகிறது என்பதை வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது என்றால், தாயின் இரண்டு கை மட்டுமே இருக்கும் வீட்டில் இதைக் கடமையாக்குவது கொடுமை. டிகோ ஊர்களில் குழந்தையை அக்காவும் சித்தியும் பாட்டியும் மாற்றி மாற்றி ஏந்தினார்கள். என் வாதத்துக்குச் சங்கடம் தருவது சுவீடன். அங்கே பெற்றோருக்கு இருவருமாக 480 நாள் ஊதிய விடுப்பு உண்டு; தகப்பன்மார் குழந்தை பார்க்கிறார்கள். கை இருக்கிறது, ஆனாலும் குழந்தைகள் தாமதமாகவே பழகுகிறார்கள். காரணம், பார்த்துக் கற்றுக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை. ஒரு தலைமுறை விட்டதை அடுத்த தலைமுறை மருத்துவப் பரிந்துரையாகப் படித்தது. கையும் வேண்டும், அந்தக் கைக்குச் சொல்லித்தர இன்னொரு கையும் வேண்டும்.

சீனத்தில் இந்த இரண்டும் அண்மைக்காலம் வரை இருந்தன. குழந்தைகளின் கால்சட்டை அடியில் தைக்கப்படாமல் திறந்திருக்கும். தாத்தாவும் பாட்டியும் தொடையைப் பிடித்து ஏந்தி ஒலி எழுப்புவார்கள். 1998இல் அங்கே நுழைந்த பாம்பர்ஸுக்குத் துவைக்கும் வேலை மிச்சம் என்று சொல்லி விற்க முடியவில்லை, ஏனென்றால் நனைந்த துணிகளே அங்கே குறைவு. 2007இல் நிறுவனம் வாதத்தை மாற்றியது: டயப்பர் கட்டினால் குழந்தை இரவில் நன்றாகத் தூங்கும், நன்றாகத் தூங்கினால் மூளை நன்றாக வளரும். ஒரே பிள்ளையின் படிப்பில் உயிரை வைத்திருந்த பெற்றோரிடம் அது எடுபட்டது. 

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் இப்போது நம் கண்முன் நடக்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம், காலை நீட்டிக் குளிப்பாட்டும் பாட்டி, குளிப்பாட்டிய அதே பாதங்களின்மேல் குழந்தையை உட்காரவைத்து ‘உஸ்’ என்று ஒலி எழுப்பும் பழக்கம், அரைஞாணைத் தவிர வேறு தடையில்லாத உடல், நைந்த வேட்டியிலும் சேலையிலும் கிழித்த துணி, நனைந்ததும் சொட்டிக் காட்டிக்கொடுக்கும் தூளி: இவை சேர்ந்ததுதான் நம் முறை. இதில் ஒன்றைக்கூட யாரும் பயிற்சி என்று அழைத்ததில்லை. இன்று பாட்டி கிராமத்திலும் பேரக்குழந்தை சென்னைப் புறநகர் அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். பெட்டிக்கடையில்கூட ஒற்றை டயப்பர் தொங்குகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 26 வார ஊதிய விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத விடுப்புத் தருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1993 முதல் தருவது பன்னிரண்டு வாரம், அதுவும் ஊதியமின்றி. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த 26 வாரமும் நடைமுறையில் எட்டுவதில்லை. பழைய சேலையைக் கிழிப்பதா, நாள் கூலியில் டயப்பர் வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள். குழந்தையின் நெளிவைப் பார்த்துச் சொல்ல ஆள் உள்ள காப்பகம் அவள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த முடிவு அமையும்.